ஆறு விட்ட இடம்

போன வருஷம் புரட்டாசியில் நடந்த ஊர்க் கூட்டத்தில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். கண்மாய், வரத்துக்கால், மடை, கலுங்கு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு ஆற்றுக்கு வந்ததும் எழுந்து நின்று, "ஆத்தைக் கூறு போட்டுத் தின்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். யாரைச் சொன்னேன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆற்றோரத்தில் கத்தரியும் பாகலும் போடுகிற பெரியவர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, நாங்க ஒண்ணும் ஆத்தப் பிடிக்கலப்பா. ஆறு விட்ட எடத்தத்தான் பிடிச்சிருக்கோம்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் காரைக்குடிக்குத் திரும்பி வந்து, ராத்திரி இரண்டு மணி வரை மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். ஆறு எங்காவது இடத்தை விடுமா? இதெல்லாம் ஒரு பதிலா?

ஊர்ப் பெயரையும் ஆற்றின் பெயரையும் சொல்லப்போவதில்லை; சொன்னால் சண்டைக்கு வருவார்கள். தேனாறு, பாம்பாறு, மணிமுத்தாறு, விருசுழி, சருகணி என்று நம் பக்கத்தில் ஓடுகிற, அதாவது வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடுகிற ஆறுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெறும் 'ஆறு'.

சின்ன வயதில் அந்த ஆற்றைக் கடக்க எனக்கு 140 எட்டு ஆகும். எண்ணியிருக்கிறேன். பங்குனி வெயிலில் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது மணல் சுடாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி அது: எண்ணிக்கொண்டே ஓடுவது. நடுவில் ஒரு இடத்தில் அப்பத்தா உட்கார்ந்து கையாலேயே மணலைத் தோண்டுவாள். முழங்கை ஆழத்தில் ஈரம், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஊற்று. முதலில் கலங்கலாக வரும், இறைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் தெளியும். கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்துவிட்டு மிச்ச எழுபது எட்டை ஓடுவேன். இப்போது என் பெரிய கால்களுக்கு அந்த ஆறு 38 எட்டு. சிறுவனின் எட்டு சின்னது என்று கழித்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. ஒன்பது கண் வைத்துக் கட்டிய பாலத்தில் மூன்று கண்ணில்தான் தண்ணீர் போகிறது. மீதி ஆறு கண்ணிலும் மண், மண் மேல் சீமைக் கருவேலம்.

ஆகவே எனக்கு விஷயம் தெளிவாக இருந்தது. ஆற்றை யாரோ திருடிவிட்டார்கள். யார் என்றும் தெரியும். கத்தரிச் செடிகளே சாட்சி. பெரியவரின் அந்த ஒரு வரி மட்டும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தொட முடியாத தண்ணீர்

மகள் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். இந்த வருஷம் சித்திரை கழிந்து அங்கே போயிருந்தபோது, மூன்று மணி நேரம் கார் ஓட்டி கிரீன் ரிவர் என்ற சின்ன ஊருக்கு அழைத்துப் போனாள். ஆற்றின் பெயரும் அதுதான். 1869இல் ஜான் வெஸ்லி போவெல் என்ற ஒற்றைக் கை மனிதர் படகுகளோடு இந்த ஆற்றில் இறங்கி, கொலராடோ ஆறு வழியாக கிராண்ட் கேன்யனைக் கடந்தார். அவர் பெயரில் அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ஆற்றில் கால் நனைக்கலாம் என்று கரைப் பக்கம் நடந்தேன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காவி நிறத்தில் மொட்டைப் பாறை. மழை வருஷத்துக்கு 20 சென்டிமீட்டரைத் தொட்டாலே பெரிய விஷயம். நம்மூரில் கார்த்திகை மாதம் ஒன்றே சில வருஷம் அதைக் கொட்டிவிடும்.

கால் நனைக்க முடியவில்லை. தண்ணீருக்கும் எனக்கும் நடுவே ஆள் உயரத்தைத் தாண்டிய புதர், சுவர் மாதிரி. சவுக்கைப் போல மெல்லிய இலை, குச்சி குச்சியாகக் கிளை, இளஞ்சிவப்புப் பூ. முள் இல்லை என்பது தவிர, நம் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்ட அதே உணர்வு. ஒரு கிளையை விலக்கிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தபோது உதட்டில் உப்புக் கரித்தது. என் வியர்வை என்றுதான் நினைத்தேன். மகள் சிரித்தாள். "அது மரத்தோட உப்புப்பா. இலை வழியா வெளிய தள்ளும்." அங்கே அதன் பெயர் டாமரிஸ்க், உப்பு மரம் என்றும் சொல்கிறார்கள். அதற்குச் சொந்த ஊர் அமெரிக்கா கிடையாது. அழகுக்கும், காற்றுத் தடுப்புக்கும், மண் அரிப்பைத் தடுக்கவும் 19ஆம் நூற்றாண்டில் ஆசியா, ஐரோப்பாப் பக்கமிருந்து கொண்டுபோய் வைத்தது. நம்மூர்ச் சீமைக் கருவேலமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து அதே நூற்றாண்டில் இங்கே வந்தது. அதன் பங்காளிகளான மெஸ்கிட் மரங்கள் அந்த நாட்டுத் தென்மேற்கில் ஆற்றங்கரையில் மரியாதையாக நிற்கின்றன. அவர்கள் ஊர் மரத்தோடு நாம் மல்லுக்கட்டுகிறோம், நம் கண்டத்து மரத்தோடு அவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். சம்பந்தி வீட்டார் சீர் மாற்றிக்கொண்டது போல.

அந்த ஆறும் சுருங்கிய ஆறு. 1871இல் போவெல்லின் இரண்டாவது பயணத்தில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அதே இடங்களில் நின்று நூறு வருஷம் கழித்து மறுபடி எடுத்த படங்களும் இருக்கின்றன. பழைய படத்தில் வெட்ட வெளி மணல் திட்டாக இருந்த இடம் புதிய படத்தில் புதர். 1978இல் வில்லியம் கிராஃப் என்ற புவியியலாளர், அந்தப் பகுதி ஆறுகள் சராசரியாக 27 சதவீதம் அகலம் குறைந்துவிட்டன, காரணம் இந்த உப்பு மரம் என்று எழுதினார். உடனே எதிர்ப்பும் கிளம்பியது. மரம் ஆற்றைச் சுருக்கியதா, சுருங்கிய ஆற்றில் மரம் வந்து குடியேறியதா? அதற்குள் 1962 வாக்கில் மேலே ஃப்ளேமிங் கார்ஜ் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியிருந்தார்கள். பனி உருகி வரும் பெருவெள்ளம் அதோடு அடங்கியது. சரி, அணைதான் குற்றவாளி என்றால், அணைக்கு முன்பே வெள்ளம் குறைந்த வருஷங்களில் ஆறு சுருங்க ஆரம்பித்திருந்தது. என் ஊர்க் கூட்டத்தில் நடந்த சண்டையை அங்கே படித்தவர்கள் கட்டுரைகளில் போட்டிருக்கிறார்கள்.

பாலைவன ஆறு ஏன் சுருங்குகிறது என்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆறு மாதிரி அது வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒரே அளவில் வருவதில்லை. பல வருஷம் ஒன்றும் வராது. ஒரு வருஷம் வழக்கத்தைப் போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு வரும். கரை வெறும் மணல். களி இல்லை, வேர் இல்லை, பிடிமானமே இல்லை. அந்த ஒரு வெள்ளம் இரண்டு பக்கமும் கரையை அறுத்து, ஆற்றை மைதானம் மாதிரி அகலமாக்கிவிட்டுப் போய்விடும். அதற்கு ஒரு ராத்திரி போதும். அப்புறம் வருகிற சின்னத் தண்ணீருக்கு அவ்வளவு அகலம் தேவையில்லை. ஏதோ ஒரு ஓரமாக நெளிந்து போகும். மீதி மணல் திட்டு ஈரத்தோடு கிடக்கும். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும் ஊரில் ஒரு விதைக்கு இதைவிட நல்ல இடம் எது? உப்பு மரத்தின் விதை தூசி மாதிரி, காற்றில் வரும், சில வாரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் ஈர மணல் வேண்டும். வெள்ளம் வடிகிற நேரமும் விதை பறக்கிற நேரமும் ஒத்துப்போனால் திட்டு முழுக்க நாற்று. அடுத்த இரண்டு மூன்று வருஷம் அதைப் பிடுங்கிப் போட ஒரு வெள்ளம் வராவிட்டால் வேர் ஆழத்துக்குப் போய்விடும்.

எனக்குப் புதிதாக இருந்தது இதற்கு அடுத்த கட்டம். ஆறு சுருங்குவது தண்ணீர் இல்லாததால் என்று நினைத்திருந்தேன். தண்ணீரே வராவிட்டால் ஆறு அப்படியே அகலமாகத்தான் கிடக்கும். சுருங்குவதற்கும் தண்ணீர் வேண்டும்: திட்டின் மேல் ஏறுகிற அளவுக்கு, ஆனால் செடியைப் பெயர்க்காத அளவுக்கு. கலங்கல் தண்ணீர் செடிகளுக்குள் புகுந்ததும் வேகம் குறைகிறது, சுமந்துவந்த வண்டலை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது. ஒரு வெள்ளத்துக்கு ஒரு விரல், இரண்டு விரல், சில சமயம் ஒரு சாண். திட்டு உயர்கிறது. உயர உயர அதன் மேல் ஏறுவதற்குப் பெரிய வெள்ளம் தேவைப்படுகிறது. கடைசியில் அது திட்டாக இல்லாமல் கரையாகிவிடுகிறது. பழைய கரைக்கு உள்ளே ஆறே கட்டிய புதிய கரை.

50 காசு

ஊருக்குத் திரும்பி வந்த ஆவணியில், பாலத்துக்குப் பக்கத்தில் கருவேலம் அகற்ற ஜேசிபி வந்திருந்தது. மண்ணை அள்ளுகிற சாக்கில் ஆற்றோரத்தை நேர்க்கோடாக வெட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், தனியாகப் போய் அந்த வெட்டின் முன் நின்றேன்.

மார் உயரத்துக்கு மண் சுவர். மேலேயிருந்து பார்க்கும்போது ஒரே மண்ணாகத் தெரிந்தது, பக்கவாட்டில் லட்டர்பேடு அடுக்கியது மாதிரி இருந்தது. மாவு போன்ற வண்டல் ஒரு வரி, அதன் கீழே பருமணல் ஒரு வரி, மறுபடி வண்டல். சில வரி நூல் கனம், ஒன்று மட்டும் என் கை அகலம். ஓரிடத்தில் வண்டல் வரியின் மேற்பரப்பு பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்புக்குள் அடுத்த வெள்ளத்தின் மணல் இறங்கியிருந்தது. பதினொன்று வரை எண்ணினேன். அதற்குமேல் எது வரி, எது என் கற்பனை என்று தெரியவில்லை. ஜேசிபி பாதி அறுத்துவிட்ட ஒரு கருவேல மரம் சுவருக்குள் நின்றது. வேர், தரைமட்டத்தில் ஆரம்பிக்கும் என்று எதிர்பார்ப்போம் இல்லையா. அடிமரம் தரைக்குக் கீழேயும் தூண் மாதிரி நேராக இறங்கி, என் இடுப்புக்குக் கீழே போய்த்தான் வேராகப் பிரிந்தது. அந்த மரம் முளைத்த தரை அதுதான். அதற்கு மேலே இருந்த மண் எல்லாம் மரம் வந்த பிறகு வந்தது.

உப்பு மரக் கரைகளிலும் இப்படித்தான் குழி வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். புதைந்த அடிமரத்தைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணுவார்கள். தண்டு மண்ணுக்குள் போன வருஷத்திலிருந்து அதன் வளையம் வேர்க்கட்டை மாதிரி மாறிவிடுமாம். அதை வைத்து எந்த வரி எந்த வருஷத்து வெள்ளம் என்று சொல்லிவிடலாம். எனக்கு வளையம் எண்ணத் தெரியாது. ஆனால் முழங்கால் உயரத்தில், வண்டல் வரி ஒன்றுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் நெம்பி எடுத்தேன். ஷாம்பூ பாக்கெட். பல்லால் கடித்துக் கிழித்த மூலை அப்படியே இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தால், சாயம் போன எழுத்தில் விலை: 50 காசு.

ஒரு நிமிஷம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். 50 காசுக்கு ஷாம்பூ வாங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேற்று மாதிரி. அந்த நேற்றுக்கு மேல் இந்த ஆறு என் இடுப்பளவு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. மனிதன் கொட்டிய மண் இப்படி வரி வரியாகப் படியாது. டிராக்டரில் கொட்டினால் குப்பையும் கல்லும் கலந்து கட்டி கட்டியாக இருக்கும். இது ஆறே போட்டது. பெரியவர் மண் அடித்து ஆற்றைத் தூர்க்கவில்லை. அவர் கத்தரி போட வந்தபோது இடம் தயாராக இருந்தது.

விதை வந்த வழி மட்டும் வேறு. கருவேல விதை காற்றில் பறக்காது. நெற்றைத் தின்ற ஆடு மணலில் போட்ட புழுக்கையில் வந்தது. அப்புறம் ஊருக்கு மேலே வரிசையாக இருக்கிற கண்மாய்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு சின்ன அணைதான். பெரிய மழையின் முதல் வேகத்தை அவை வாங்கிக்கொள்கின்றன. முன்பும் வாங்கின, ஆனால் அப்போது மணலில் இறங்க இந்த மரம் இல்லை. அப்பத்தா கையால் தோண்டிய ஊற்றும் இன்று இல்லை. ஆழ்துளைக் கிணறு நானூறு அடிக்குப் போய்விட்ட ஊரில் மணலுக்கடியில் என்ன நிற்கும்? கீழே ஒரு மைலில் மணல் அள்ளிய பள்ளத்தால் நடு ஆறு குழிந்து, ஓரத்துத் திட்டுகள் இன்னும் உயரமாகிவிட்டன. திட்டு உயர்ந்தால் வெள்ளம் ஏறாது. வெள்ளம் ஏறாவிட்டால் கருவேலத்தை யார் பிடுங்குவது?

எது ஆறு?

இதற்கப்புறம் வந்த சந்தேகம்தான் இன்னும் தீரவில்லை. அரிசோனாவில் ஹீலா என்று ஒரு ஆறு. 1905க்கு முன்னால் அது 300 அடிக்கும் குறைவான அகலத்தில், மரம் அடர்ந்த கரையோடு ஓடியது. 1905இலிருந்து 1917க்குள் வந்த பெருவெள்ளங்கள் அதைக் கிட்டத்தட்ட 2000 அடியாக அகட்டிவிட்டன. அப்புறம் மெல்ல மெல்லச் சுருங்கி 1964இல் 200 அடிக்கும் கீழே வந்துவிட்டது. கான்சஸில் சிமரான் ஆறு: சராசரி 50 அடி இருந்தது, 1914 வெள்ளத்தில் தொடங்கி 1942க்குள் 1200 அடி ஆனது, அப்புறம் அதுவும் சுருங்க ஆரம்பித்தது. 1917இல் ஹீலா கரையில் பிறந்த குழந்தை வளர்ந்து, கிழவனாகி, "என் காலத்தில் ஆறு எப்படி இருந்தது தெரியுமா" என்று புலம்பியிருந்தால் அவன் சொல்வது பொய்யில்லை. அவன் தாத்தா எழுந்துவந்து கேட்டால் சிரித்திருப்பார்.

அப்படியானால் என் 140 எட்டு? ஐயா காலத்தில் ஒரு ஐப்பசியில் ஆறு பாலத்துக்கு மேலே போனதாகவும், அக்கரைப் பனைகளில் பாதியை வேரோடு கொண்டுபோனதாகவும் அப்பத்தா சொல்வாள். நான் ஓடிய அகலம் அந்த வெள்ளம் வெட்டியதாக இருக்கலாம். நான் உண்மையான ஆறு என்று நெஞ்சில் வைத்திருந்தது, ஒரு பெரிய கோபம் முடிந்து ஆறு இன்னும் கலைந்த தலையோடு கிடந்த கோலமோ என்னமோ. புலப்படத்தில் சர்வேயர் போட்ட கோடும் அப்படி ஏதோ ஒரு வருஷத்து ஆறுதான்.

இதை எழுதிவிட்டு எனக்கே ஒரு பயம். நாளைக்கே யாராவது இதைக் காட்டி, 'ஆறே விட்டுவிட்டது, பட்டா கொடு' என்று கேட்டுவிடக்கூடாது. சுருங்கிய ஆற்றுக்குள் பெரிய வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரியோ கிராண்டே இருக்கிறது. டெக்சாஸ்–மெக்சிகோ எல்லையில், அணைகளாலும் புதராலும் வண்டலாலும் நெருங்கிப்போன அந்த ஆற்றில் 2008 செப்டம்பரில் கோன்சோஸ் கிளையாற்று வெள்ளம் இறங்கியது. போகிற வழி குறுகினால் அதே தண்ணீர் உயரமாகத்தானே போக வேண்டும். கரைகள் உடைந்து வயலும் வீடும் மூழ்கின. ஆறு தன் பங்குக்குக் கொஞ்ச இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மரத்தை ஒட்டுமொத்தமாக ஒழிப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. நியூ மெக்சிகோவில் ரியோ புவெர்கோ ஆற்றில் 2003இல் மருந்து அடித்து உப்பு மரத்தைச் சாகடித்தார்கள். 2006 வெள்ளத்தில் அந்தப் பகுதி மட்டும் 84 சதவீதம் அகலமாகிவிட்டது. ஆறு அகலமானால் சந்தோஷம்தானே என்று தோன்றும். அறுத்த மண் முழுக்க எங்கே போகும்? நம் பக்கம் என்றால் கீழ்க் கண்மாய்க்கு. இந்தப் பாலத்தடியில் வேரோடு பிடுங்கிப் போட்ட கருவேலத்தைப் பார்க்கும்போது எனக்குக் கீழ்மடைக்காரர்கள் ஞாபகம்தான் வருகிறது.

பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரியவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, பேசி ஜெயிக்கப் போனேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டு வந்து, பாக்கெட்டை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எந்த ஆழத்துல கெடந்துச்சு?"

முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.

"அம்பது காசு. பெரிய மக கல்யாணத்துக்கு முந்தி வித்தது. அப்ப இங்கன வெறும் மணலு. எருக்குகூடக் கெடையாது." பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இதையா அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தே?"

அன்றைக்குக் கூட்டத்தில் பேசியதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோட்டாரை நிறுத்த வேண்டும், தண்ணீர் வீணாகிறது என்று நடக்க ஆரம்பித்தார். நானும் கூடவே போனேன். கத்தரி, பாகல், ஒரு பாத்தி வெண்டை. எல்லாம் ஒரு போகத்துச் செடி. ஒரு தென்னை இல்லை, ஒரு கொய்யா இல்லை, கல் ஊன்றிய வேலிகூட இல்லை. மோட்டார் எங்கே என்று தேடினேன். நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். ஐயா காலத்து வெள்ளத்தில் தப்பிய பனை வரிசையைத் தாண்டி, பழைய கரையில் ஏறி, அதற்கும் அந்தப் பக்கம், செம்புறாங்கல் மேட்டில் கொட்டகை போட்டு வைத்திருந்தார்.

"இத்தனை தூரம் பைப்பு இழுத்திருக்கீங்களே, செலவு இல்லையா?" என்றேன்.

"செலவுதான்" என்றார்.